30 லிட்டர் எலக்ட்ரிக் பாய்லர் போதுமா? பை முறையில் பீர் காய்ச்ச எதை வாங்குவது, எதை விடுவது

கேள்வி, மார்ச் 2

இதுவரை மால்ட் எக்ஸ்ட்ராக்ட் டின்னை வைத்துத்தான் பீர் போட்டிருக்கிறேன். இனி தானியத்திலிருந்தே ஆரம்பிக்க ஆசை. மூன்று பாத்திரம் வைத்து மல்லுக்கட்ட இடமில்லை, அதனால் பை முறை: தானியத்தைப் பெரிய துணிப் பையில் போட்டு, ஊறவைப்பதும் கொதிக்க வைப்பதும் ஒரே பாத்திரத்தில். கேஸ் வேண்டாம், தேநீருக்குக் கொதிநீர் வைக்கும் வகை எலக்ட்ரிக் பாய்லர்தான். 30 லிட்டரில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஃபெர்மென்டரில், அதாவது புளிக்கவைக்கும் கலனில், 20 லிட்டர் விழுந்தால் போதும். 10 லிட்டர் மிச்சம் இருக்கிறதே, தாராளம்தானே? கூடவே டெம்பரேச்சர் கண்ட்ரோலர், பம்ப், கொதித்ததை ஆறவைக்கும் சில்லர் எல்லாம் ஒரே மூச்சில் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

போதாது. கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பாருங்கள்.

ஃபெர்மென்டருக்கு 20 லிட்டர். பாய்லர் அடியில் ஹாப்ஸும் (கசப்புக்குப் போடும் பூ) புரதக் கசடும் பிடித்துக்கொள்ளும் 2 லிட்டர். ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாகப் போவது ஏறத்தாழ 3 லிட்டர். 20 லிட்டர் சாதாரண பீருக்கு 5 கிலோ மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) வேண்டும். பையை நன்றாகப் பிழிந்த பிறகும் சக்கை கிலோவுக்கு அரை லிட்டருக்கு மேல் பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்கு 3 லிட்டர். ஆக ஆரம்பத் தண்ணீர் 28 லிட்டர். அதற்குள் 5 கிலோ தானியம் இறங்குகிறது. ஒரு கிலோ தானியம் மூன்றில் இரண்டு பங்கு லிட்டர் இடத்தை அடைக்கும். மொத்தம் 31 லிட்டரைத் தாண்டிவிட்டது. 30 லிட்டர் பாத்திரத்தில் மீதி எங்கே போகும்? தரைக்குத்தான்.

40 லிட்டர் வாங்குங்கள்.

மார்ச் 3

காலையில் மறுபடி படித்தபோது தோன்றியது: நேற்றைய கணக்கில் சூட்டின் விரிவைச் சேர்க்கவில்லை. கொதிநிலையில் தண்ணீர், குளிர்ந்த நிலையைவிட 4 சதவீதம் அதிக இடம் பிடிக்கும். ஆறிய 20 லிட்டர் வேண்டுமென்றால் கொதி முடியும்போது, கசடுக்கான 2 லிட்டர் போக, 21 லிட்டருக்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும். ஆரம்பத்தில் ஊற்றும் 28 லிட்டரும் சூடானதும் 29-ஐ நெருங்கும்; கணக்குக்கு 29 என்று வைத்துக்கொள்ளுங்கள். தானியத்தோடு 32-க்கும் மேல். தீர்ப்பில் மாற்றமில்லை, தண்டனைதான் கூடியிருக்கிறது.

30 லிட்டர் பாய்லர் ஏற்கனவே வீட்டில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். இரண்டு வழி உண்டு. ஒன்று, 15 லிட்டர் மட்டும் போடுவது. இரண்டு, ஐந்தாறு லிட்டர் தண்ணீரைத் தனியே எடுத்து வைத்து, பையைத் தூக்கியபின் வேறொரு வாளியில் அந்தத் தண்ணீரில் சக்கையை முக்கி அலசி, அதையும் பாய்லரில் ஊற்றிவிடுவது. இரண்டாவது வழியில் சர்க்கரையும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். ஆனால் முக்கும் வாளி, அதை வைக்க இடம், சொட்டும் பை, ஒட்டும் தரை. எல்லாம் ஒரே பாத்திரத்தில் முடியட்டும் என்றுதானே இந்த முறைக்கே வந்தீர்கள்?

மார்ச் 3, மாலை

கொள்ளளவுக்கு அடுத்து வாட். இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். பாய்லர் எத்தனை வாட் என்று பார்க்கும் முன்னால் உங்கள் சுவர் சாக்கெட் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதுதான் எஜமான்.

230 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் 2300 வாட். 13 ஆம்பியர் என்றால் 3000 வாட்டுக்கு ஒரு முடி குறைவு. 120 வோல்ட் நாடுகளில் 15 ஆம்பியர் சர்க்யூட்டில் தொடர்ந்து இழுக்கலாம் என்பது 12 ஆம்பியர்தான், அதாவது 1440 வாட். பாவம்.

29 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 70-க்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் என்று போட்டுப் பார்க்கலாம். பாத்திரத்தின் வெப்ப இழப்பைக் கணக்கில் எடுக்காமல்: 3000 வாட்டில் 34 நிமிடம், 2400 வாட்டில் 42 நிமிடம், 1440 வாட்டில் 70 நிமிடம். இது காத்திருப்பு மட்டும்தான், காத்திருந்துவிடலாம். கொதி வேறு விஷயம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 2260 கிலோஜூல் வேண்டும். 2400 வாட் ஒரு துளிகூட வீணாகாமல் போனால் மணிக்கு 3.8 லிட்டர்; பக்கச்சுவர் இழப்பு போக 3 லிட்டர் சொச்சம். அது நல்ல கொதி. 1440 வாட்டில் மேல் எல்லையே 2.3 லிட்டர்தான். இழப்பு போனால் மேற்பரப்பு சும்மா நெளிந்துகொண்டிருக்கும்.

அதனால் குறைந்த வாட்காரர்கள் பெரிய பாய்லர் வாங்காமல் 10 லிட்டர் பீருக்குச் சின்னதாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அல்லது பாய்லரைச் சுற்றி வெப்பக் காப்பு விரிப்பு கட்டலாம். மூடியை அரைவாசி சாத்திக் கொதிக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள். முழுக்க மூடினால் பொங்கி வழியும். வேகவைத்த சோள வாடை தரும் டிஎம்எஸ் என்ற கந்தகச் சேர்மம் வெளியேறவும் வழியிருக்காது.

மார்ச் 4

எக்ஸ்டென்ஷன் கார்டு வைத்து ஓட்டலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. வேறு வழியே இல்லையென்றால் கனமான கம்பி, முழு ஆம்பியர் தாங்குவது, சுருளை முழுக்கப் பிரித்துவிட்டு. சுருட்டிய ஒயரில் ஒரு மணி நேரம் 10 ஆம்பியர் ஓடினால் சுருளின் நடுப்பகுதி உருகலாம். அப்புறம், 30 மில்லிஆம்பியர் கசிவு பாதுகாப்பு சுவிட்ச் உங்கள் லைனில் இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஈரக் கை, கொதிக்கும் இனிப்பு நீர், 230 வோல்ட். இந்த மூன்றும் ஒரே மேஜையில். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

மார்ச் 6

சூடேற்றும் எலிமென்ட் வெளியே தெரிவதா, அடித்தட்டுக்குள் மறைந்ததா என்ற சண்டை கீழே போய்க்கொண்டிருக்கிறது. என் பங்கு.

மறைந்த எலிமென்ட் கழுவச் சுகம். வழவழவென்று அடி, துடைத்தால் முடிந்தது. அதன் கெட்ட குணம் ஒன்றுதான்: கசடு அடித்தட்டில் படிந்து கருகினால், தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் பாதுகாப்பு கட்-ஆஃப் விழுந்துவிடும். கொதி நடுவில் நிற்கும். ரீசெட் பொத்தான் பல மாடல்களில் பாய்லரின் அடியில். 25 லிட்டர் கொதிநீர் நிரம்பிய பாத்திரத்தின் அடியில்! அந்த வடிவமைப்பாளர் வாழ்க்கையில் தேநீரைத் தவிர எதையும் கொதிக்க வைத்ததில்லை என்று நினைக்கிறேன்.

இதற்குத் தீர்வாக கட்-ஆஃபையே கழற்றி ஒயரை நேராக இணைப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். எலிமென்ட் வறண்டு எரியும்போது உங்களைக் காப்பாற்றுவது அது ஒன்றுதான். அதற்குப் பதில், தானியப் பையைத் தூக்கிய பிறகு சூடேறும் நேரத்தில் நீண்ட கரண்டியால் அடியை நாலைந்து முறை தேய்த்துக் கிளறிவிடுங்கள். மாவு படிவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். என் பாய்லர் அதற்கப்புறம் நின்றதில்லை.

வெளியே தெரியும் எலிமென்ட் கட்-ஆஃப் தொல்லை குறைவு, ஆனால் சுருளுக்கு இடையில் பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். கோதுமை அதிகம் போடும் பீரில் கருகல் பிடிக்க வாய்ப்பு அதிகம். வாங்கினால் வாட் அடர்த்தி குறைந்த, நீளமாக மடித்த எலிமென்ட் பார்த்து வாங்குங்கள். அதே 2400 வாட் பெரிய பரப்பில் பரவினால் எந்த இடமும் அளவுக்கு மீறிச் சுடாது. பிடித்த பழுப்புப் படலத்துக்கு சிட்ரிக் அமிலக் கரைசல், அல்லது சோடியம் பெர்கார்பனேட் போட்ட வெந்நீர். குளோரின் பிளீச்சை ஸ்டெய்ன்லெஸ் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், புள்ளி புள்ளியாக அரிக்கும்.

எதுவாக இருந்தாலும் பைக்கும் எலிமென்ட்டுக்கும் நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். கால் வைத்த ஸ்டீல் கம்பித் தட்டு போதும். கவிழ்த்துப் போட்ட துளைத் தட்டும் போதும்.

மார்ச் 6, பின்னிரவு

மேலே சொன்னதற்கு ஒரு வால்: அந்தத் தடுப்பு இருந்தாலும், தானியம் உள்ளே இருக்கும்போது ஹீட்டரைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள். தடுப்புக்குக் கீழே 80 டிகிரி, மேலே 64 என்று இருக்கும். போட்டால் பையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

மார்ச் 9

டெம்பரேச்சர் கண்ட்ரோலர். கேட்டவர் முதலில் வாங்கப் பார்த்தது இதைத்தான், நான் கடைசியில் வைப்பதும் இதைத்தான்.

பாய்லரோடு வரும் தெர்மோஸ்டாட் முரட்டுப் பேர்வழி, 67 என்று வைத்தால் 62-க்கும் 72-க்கும் நடுவில் ஊஞ்சலாடும். அது உண்மை. ஆனால் பை முறையில் 29 லிட்டர் தண்ணீரும் 5 கிலோ தானியமும் சேர்ந்த பெரிய வெப்பச் சேமிப்பு உங்களிடம் இருக்கிறது. தண்ணீரை 70-க்குக் கொண்டுபோய், சுவிட்சை அணைத்து, அறைச் சூட்டில் இருக்கும் தானியத்தைக் கொட்டிக் கிளறினால் 67-ல் வந்து உட்காரும். மூன்று டிகிரிதான் விழும். தண்ணீர் குறைவாக வைக்கும் பழைய முறைகளில் இந்த வீழ்ச்சி ஏறத்தாழ இரண்டு மடங்கு. இப்போது மூடி, மேலே பழைய போர்வை ஒன்று, பக்கவாட்டில் காப்பு விரிப்பு. ஒரு மணி நேரத்தில் ஒன்றோ இரண்டோ டிகிரி இறங்கும். அந்த இறக்கத்தை நாக்கு கண்டுபிடிக்கும் என்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு சுவைத்துப் பார்க்கட்டும்.

நல்ல டிஜிட்டல் தெர்மோமீட்டர் ஒன்று வாங்குங்கள். ஐஸ் தண்ணீரில் 0 காட்டுகிறதா என்று பாருங்கள். கண்ட்ரோலர் காசை அப்படியே மால்ட் மில்லுக்கு ஒதுக்குங்கள். மில் பற்றி அப்புறம்.

மார்ச் 10

"பிளக் டைப் கண்ட்ரோலரை ஏற்கனவே வாங்கிவிட்டேன், அதில் சொருகலாமா?" என்று ஒருவர். ரிலே எத்தனை ஆம்பியர் என்று முதுகில் எழுதியிருக்கும். 10 ஆம்பியர் ரிலேயில் 2400 வாட் பாய்லர் 230 வோல்ட்டில் 10.4 ஆம்பியர் இழுக்கும். விளிம்பைத் தாண்டிவிட்டது. ஃபெர்மென்டேஷன் ஃபிரிட்ஜுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், அருமையாக வேலை செய்யும்.

சாலிட் ஸ்டேட் ரிலே வைத்து பிஐடி பெட்டி (சூட்டை நுணுக்கமாகக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர்) கட்டுபவர்களுக்கு ஒன்று மட்டும்: அந்த ரிலே கெட்டால் பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே கெடும், அணைந்த நிலையில் அல்ல. அதனால் கையால் அணைக்கும் தனி சுவிட்ச் கட்டாயம். ஹீட் சிங்க்கும் கட்டாயம்.

மார்ச் 13

பையைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. பெயரே பை முறை! பாய்லருக்கு இத்தனை பக்கம், பைக்கு ஒரு வரியும் இல்லை.

காட்டன் வேண்டாம். ஊறும், அடைக்கும், காயாது, பூஞ்சை பிடிக்கும். திரைச்சீலைக்கு வரும் மெல்லிய பாலியெஸ்டர் வாயில் துணி நல்லது. தையல் நூலும் பாலியெஸ்டராக இருக்கட்டும், காட்டன் நூல் சில தடவையிலேயே இற்றுவிடும். துளை 200 முதல் 250 மைக்ரான் வரை என்றால் மாவு தங்கும், நீர் ஓடும். அளவு பாய்லருக்குச் சமமாக இருக்க வேண்டும். முழுப் பாய்லரையும் உள்ளே விழுங்குகிற அளவுக்குப் பை, வாய் விளிம்புக்கு வெளியே மடிந்து நிற்க வேண்டும். சின்னப் பையில் தானியத்தைத் திணித்தால் நடுவில் உலர்ந்த கட்டி நிற்கும், சர்க்கரை இறங்காது. பலர் "எனக்கு எஃபிஷியன்சியே வரவில்லை" என்று புலம்புவதில் பாதி இந்தக் கதைதான்.

அடியில் மூலை இல்லாமல் வட்டமாகவோ கூம்பாகவோ தைத்தால் தூக்கியதும் ஒரே புள்ளியில் வடியும். இதைக் கடையில் வாங்க வேண்டும் என்றே இல்லை. தையல் மிஷினும் பொறுமையும் இருந்தால் ஒரு மாலை வேலை. என் பை நானே தைத்தது, தையல் கோணல், வேலை நேர்.

மார்ச் 13, கொஞ்ச நேரம் கழித்து

தூக்குவது. 5 கிலோ மால்ட் நனைந்து வெளியே வரும்போது 10 கிலோவுக்கு மேல், அதுவும் 67 டிகிரியில் சொட்டிக்கொண்டு. ஒரு கையால் தூக்கி மறு கையால் பிழிவேன் என்று திட்டம் போடாதீர்கள். உத்தரத்தில் கொக்கியும் கிணற்றுக் கப்பி மாதிரி சின்னதாக ஒன்றும் போதும். கொக்கி 10 கிலோவுக்கல்ல, 40 கிலோ தாங்குகிற மாதிரி இருக்கட்டும். கூரையில் கொக்கி போட முடியாதவர்கள் பாய்லர் வாய் மேல் கம்பித் தட்டு வைத்து அதன்மேல் பையை உட்காரவைக்கலாம்.

மார்ச் 14

பிழிந்தால் துவர்ப்பு வரும் என்று ஒருவர் எச்சரித்திருக்கிறார். வராது. உமியிலிருந்து துவர்ப்பை இழுப்பது அதிக பிஎச்சும் 77 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் சேர்ந்த கூட்டணி. உங்கள் கைப்பலம் அதில் இல்லை. பிழியுங்கள், கையுறை போட்டுக்கொண்டு.

மார்ச் 17

ஆல்-இன்-ஒன் மிஷின்களை ஏன் சொல்லவில்லை என்று கோபமான செய்தி வந்திருக்கிறது. சரி, சொல்கிறேன். கிரெயின்ஃபாதர், புரூஜில்லா, பிராவ்மைஸ்டர் எல்லாமே ஒரே யோசனையின் வேறு வேறு சட்டைகள்: பைக்குப் பதில் துளையிட்ட ஸ்டீல் கூடை, ஒரு பம்ப், ஒரு கண்ட்ரோலர். நல்ல கருவிகள். ஐந்து படிநிலை மாஷ் (தானியத்தைச் சூடான நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை இறக்குவது) வேண்டும், பட்டனைத் தட்டிவிட்டுப் போக வேண்டும் என்றால் அதை வாங்குங்கள், குறை சொல்ல மாட்டேன். ஸ்டீல் கூடைக்கு மாவாக அரைத்த தானியம் ஒத்துவராது, அடைத்துக்கொள்ளும், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்காததற்குக் காரணம் வேறு. சாதாரண பாய்லரில் எலிமென்ட், தெர்மோஸ்டாட், குழாய். கெட்டால் மாற்ற இந்த மூன்றுதான். பம்பும் சர்க்யூட் போர்டும் சேர்ந்தால் பட்டியல் நீளும், நீராவிக்குப் பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. இது ருசி விஷயம், வாதம் இல்லை.

மார்ச் 18

இரவு யோசித்ததில் நேற்றைய குறிப்பு ஒருதலைப்பட்சம் என்று தோன்றுகிறது. இடம் குறைவு, முதுகுவலி, எதையும் சொந்தமாகச் சேர்த்துக் கட்டப் பொறுமை இல்லை என்றால் ஆல்-இன்-ஒன்னே சரி. கூடை மேலே ஏறி விளிம்பில் நிற்கும், கப்பி தேவையில்லை. முதுகுக்கு இது பெரிய விஷயம்.

மார்ச் 22

மில். கடையில் அரைத்துத் தரும் தானியம் பெரும்பாலும் பழைய முறைகளுக்காக, 1.1 அல்லது 1.2 மில்லிமீட்டர் இடைவெளியில் உடைத்தது. உமிப் படுகைதான் அங்கே வடிகட்டி, அதனால் உமி முழுசாக இருக்க வேண்டும். நமக்கு வடிகட்டி பைதான். 0.8, 0.9 வரை இறக்கலாம். சர்க்கரை வெளியேற்றம் நன்றாகவே ஏறும். சொந்த மில் இல்லையென்றால் கடைக்காரரிடம் இரண்டு முறை அரைக்கச் சொல்லுங்கள். முகத்தைச் சுளிப்பார், கேட்டுப் பாருங்கள். அதற்காக ரவையாக்கிவிட வேண்டாம், பையே அடைத்துக்கொண்டு நீர் இறங்காமல் தொங்கும்.

கூடவே தண்ணீர். மொத்தத் தண்ணீரும் மாஷில் இருப்பதால் பிஎச் கொஞ்சம் உயர்ந்து நிற்கும், அதுவும் வெளிர் மால்ட் மட்டும் போட்டால், தண்ணீரும் காரத்தன்மையுள்ளதாக இருந்தால். 5.2-க்கும் 5.6-க்கும் நடுவில் வரும்படி கொஞ்சம் லாக்டிக் அமிலம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் ஒரு சிட்டிகை. அது குளோரமினையும் எடுத்துவிடும், வெறுமனே கொதிக்க வைத்தால் குளோரமின் அவ்வளவு சுலபத்தில் போகாது. உபகரணம் பற்றிய இழையில் தண்ணீர் எதற்கு என்று கேட்காதீர்கள், நல்ல பாய்லரில் மருந்து வாடையுள்ள பீர் குடித்தவனின் ஆதங்கம்.

மார்ச் 25

சில்லர் வாங்கலாமா? குழாய்த் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் செம்பு அல்லது ஸ்டீல் சுருள் நல்ல முதலீடு. குழாய்த் தண்ணீரே 28, 30 என்றால் அது 35-க்கு மேல் இறங்கப் பாடாய்ப் படுத்தும், வாளி வாளியாகத் தண்ணீரும் போகும்.

மாற்று வழி ஆஸ்திரேலியர்களுடையது. பை முறையை 2000-களில் பரப்பியவர்களும் அவர்கள்தான். கொதித்த வோர்ட்டை (இன்னும் புளிக்காத இனிப்பு நீரை) அப்படியே சூடு தாங்கும் எச்டிபிஇ பிளாஸ்டிக் கேனில் நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, மூடி, பக்கவாட்டில் சாய்த்து மூடியின் உட்புறத்தையும் அந்தச் சூட்டாலேயே சுத்தப்படுத்தி, மறுநாள் ஆறியதும் ஈஸ்ட் போடுவது. சூடு நீண்ட நேரம் நிற்பதால் ஹாப்ஸ் கசப்பு கூடும். கடைசி ஹாப்ஸை 20 நிமிடம் தள்ளிப் போடுங்கள், அல்லது நேராகக் கேனிலேயே.

ஒரு கண்டிப்பு. வோர்ட்டின் பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும், 4.6-க்கு மேல். கொடிய நச்சு உண்டாக்கும் போட்டுலினம் பாக்டீரியாவின் வித்துகள் கொதியில் சாகாது, காற்றில்லாத இடம் அதற்குப் பிடித்த இடம். மூடிய கேனை வாரக்கணக்கில் அலமாரியில் வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. என் வீட்டில் மறுநாள், மிஞ்சினால் அதற்கு மறுநாள். ஈஸ்ட் போட்டதும் பிஎச் தானாக இறங்கிவிடும்.

மார்ச் 29

கேட்டவர் 40 லிட்டர், 2400 வாட், மறைந்த எலிமென்ட் ஒன்றை வாங்கிவிட்டாராம். நல்லது. கண்ட்ரோலரும் வாங்கிவிட்டாராம். நான் எழுதியதெல்லாம் யாருக்கு?

கூட வந்த பிளாஸ்டிக் குழாயை மாற்றலாமா என்று கேட்கிறார். மாற்றுங்கள். தேநீர் ஊற்றும் அழுத்துக்குழாயில் ஹாப்ஸ் கசடு போனதும் அடைத்துக்கொள்ளும், கழற்றிக் கழுவவும் வராது. அரை அங்குல 304 ஸ்டெய்ன்லெஸ் பால் வால்வு, மூன்று துண்டாகக் கழற்றக்கூடியது. திரெட் உங்கள் நாட்டு வகையா என்று பார்த்து வாங்குங்கள், பிஎஸ்பி, என்பிடி என்ற இரண்டு திரெட் வகைகளும் முதல் சுற்றில் பொருந்துவது போல் நடித்து அப்புறம் கசியும். சிலிக்கான் ஓ-ரிங் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. தானியம் போடும் முன் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள்: கசிகிறதா என்று தெரியும், உங்கள் பாய்லர் மணிக்கு எத்தனை லிட்டர் ஆவியாக்குகிறது என்பதும் தெரியும். நான் மேலே 3 என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு அந்த எண்ணைப் போட்டுக் கணக்கை மறுபடி செய்யுங்கள்.